மந்திரம் நெருங்கினால் விழிக்கும் கல்: செய்முறை

சூரியகாந்தக் கல்லில் வெயில் பட்டால் தீ பிறக்கும், சந்திரகாந்தக் கல்லில் நிலா பட்டால் நீர் கசியும் என்பார்கள் பழைய கதைகளில். எது கிட்டே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஒரு மந்திரக் கல்லின் இலக்கணம். நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ கல் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்குகிறார்கள். முதலில் விதியை எழுதி வையுங்கள். எவ்வளவு தூரத்தில் உணரும், உணர்ந்ததும் பட்டென்று ஒளிருமா, மெல்ல விழிக்குமா, மந்திரம் விலகினால் எத்தனை நொடியில் அடங்கும்? இது முடிவாகாமல் சென்சார் வாங்கப் போனால் தப்பானதைத்தான் வாங்கி வருவீர்கள்.

இந்தக் குறிப்பில் உள்ள கல்லை ‘உணர்கல்’ என்று அழைப்போம். அதன் விதி இது: நடிகர் கையில் உள்ள மந்திரக்கோலின் நுனி 4 செ.மீ. அளவுக்கு நெருங்கினால் விழிக்கும், இன்னும் நெருங்க நெருங்க ஒளி கூடும், விலகினால் மெதுவாக அடங்கும். கோலின் ஒரு முனைக்கு நீலம், மறுமுனைக்குச் சிவப்பு. மந்திர சக்தியின் இடத்தில் இருப்பது கோலுக்குள் மறைத்த காந்தம்.

மறைவில் ஒருவர் நின்று ரிமோட்டை அமுக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதும், அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை என்றால். நடிகர் கையை நீட்டி, தயங்கி, பின்வாங்கி, மறுபடி நீட்டுகிற காட்சியில் ரிமோட்டுக்காரர் அரை நொடி பிந்தினாலும் கல் பொய் சொன்னது தெரிந்துவிடும். காந்தம் நடிகரின் கையோடே போகும்.

இரண்டு எளிய வழிகள்

ஒரே ஒரு அண்மைக் காட்சிக்குத்தான் கல் தேவை என்றால் சர்க்யூட் எதுவும் வேண்டாம். செயற்கை மாணிக்கம் ஒன்றும் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்றும் போதும். மாணிக்கத்தில் இருக்கும் குரோமியம் புறஊதாவையும் ஊதா, பச்சை ஒளியையும் வாங்கிக்கொண்டு 694 நானோமீட்டர் அருகே சிவப்பாக உமிழும். இருட்டில் அடுப்புக் கங்குபோல் இருக்கும். வெர்னூய் முறையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல் இதற்கு மிகப் பொருத்தம், விலையும் குறைவு. இயற்கைக் கற்களில் இரும்பு கூடக் கூட ஒளி மங்கும். அதனால்தான் பர்மா மாணிக்கம் நன்றாக ஒளிர்கிறது, தாய்லாந்துக் கல் சோம்பிக் கிடக்கிறது. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று தலையில் கட்டியிருந்தால் இந்த டார்ச்சிலேயே தெரிந்துவிடும், கண்ணாடி அந்தச் சிவப்பைக் காட்டாது.

395 நானோமீட்டர் டார்ச் மலிவு. ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறையக் கசியும். கேமராவில் காட்சி முழுக்க ஊதா மூட்டமாகிவிடும். வேறு வழியில்லை என்றால் லென்ஸுக்கு முன் மஞ்சள் செலோபேன் தாளைப் பிடியுங்கள், ஊதா தங்கிவிடும், கல்லின் சிவப்பு கடந்து வரும். எந்த டார்ச்சாக இருந்தாலும் கண்ணில் அடிக்கக் கூடாது. நடிகரின் முகத்துக்கு நேரே வைக்கவே கூடாது. கண் கூசாது என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

அடுத்த படி, ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்புத் தகடுகள், காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். சிஆர்2032 பட்டன் பேட்டரி, ஒரு எல்.இ.டி., ஒரு ரீட் சுவிட்ச், அவ்வளவுதான். இது எரியும் அல்லது அணையும், நடுவில் எதுவும் இல்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு இது தாராளம். இரண்டு விஷயம் கவனியுங்கள். கால்களை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் இடையே மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு வளையுங்கள், கண்ணாடியை ஒட்டி வளைத்தால் விரிசல் விழும். இன்னொன்று, காந்தத்தின் முகம் சுவிட்சின் நட்டநடுவை நேராகப் பார்த்தால் சுவிட்ச் மூடாது. சற்றே முனைப்பக்கம் தள்ளி வர வேண்டும். ‘நேற்று எரிந்தது இன்று எரியவில்லை’ என்ற புகாரில் பாதி இதுதான்.

மெல்ல விழிக்கும் கல்: தேவையானவை

49இ ஹால் சென்சார் (காந்தப் புலத்தை உணரும் சில்லு) ஒன்று (இரண்டாக வாங்குங்கள், கால் ஒடியும்). ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை) ஒன்று. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள டபிள்யூஎஸ்2812பி எல்.இ.டி. பட்டையில் மூன்று விளக்கு அளவுக்கு ஒரு துண்டு, அது 5 செ.மீ. நீளம் வரும். 330 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மூன்று ‘டபுள் ஏ’ பேட்டரி பிடிக்கும் பெட்டி, ஒரு சுவிட்ச். காந்தம் 20 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன், என்35 தர நியோடிமியம், இரண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு நடையில் எல்லாம் முடிந்துவிடும்.

கடையில் ‘ஹால் சென்சார்’ என்று மட்டும் கேட்டால் ஏ3144-ஐக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல, மூன்று கால் கறுப்புச் சில்லுதான். ஏ3144 சுவிட்ச் மாதிரி, உண்டு அல்லது இல்லை என்றுதான் சொல்லும். அதோடு அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே முரண்டு பிடிக்கும். 49இ-தான் காந்தம் எவ்வளவு பக்கம் என்பதை வோல்டேஜாகச் சொல்லும். சில்லின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தூரக் கணக்கு

ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 49இ-க்கு 5 வோல்ட் கொடுத்தால் காந்தம் இல்லாதபோது சுமார் 2.5 வோல்ட் தரும். ஒரு காஸுக்கு (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். நானோ அதை 0 முதல் 1023 வரையான எண்ணாகப் படிக்கும், சும்மா இருக்கும்போது 512-ஐ ஒட்டி நிற்கும்.

மேலே சொன்ன காந்தத்தின் முகத்திலிருந்து 2 செ.மீ. தூரத்தில் சுமார் 325 காஸ் இருக்கும். 3 செ.மீ.யில் 130, 5 செ.மீ.யில் 35, 6 செ.மீ.யில் 21, 8 செ.மீ.யில் வெறும் 10. எண்ணாகப் பார்த்தால் 512-லிருந்து முறையே 93, 37, 10, 6, 3 படி விலகல். சென்சாரின் சொந்த நடுக்கமே ஒன்றிரண்டு படி இருக்கும். ஆகவே நம்பகமான எல்லை 6 செ.மீ. காந்தத்தை இரட்டிப்பாக்கினால் தூரமும் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். இரண்டை அடுக்கினால் 5 செ.மீ.யில் 35 காஸ் 56 ஆகும், தூரத்தில் கிடைப்பது ஒரு செ.மீ.க்குக் கிட்டத்தட்டதான். மோதிரத்துக்குள் மறைக்கும் 10 × 3 மி.மீ. காந்தமோ 2 செ.மீ.யில் 42 காஸ்தான் தரும். மோதிரக் காட்சி என்றால் விரல் கல்லைத் தொட்டேவிட வேண்டும் என்று இயக்குநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தூரம் எல்லாம் சென்சாரிலிருந்து, கல்லின் மேற்பரப்பிலிருந்து அல்ல. சென்சார் 14 மி.மீ. உள்ளே இருந்தால் 6 செ.மீ. என்பது வெளியே நாலரைதான். விதியில் 4 செ.மீ. என்று எழுதியதன் காரணம் இது.

கல்லை வார்த்தல்

அளவு: உயரம் 70 மி.மீ., அகலம் 40 மி.மீ., கொள்ளளவு 60 மி.லி. அளவில். படிக வடிவ சிலிக்கோன் அச்சு தயாராகவே கிடைக்கிறது. சொந்த வடிவம் வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை நீரில் கரைத்துப் பொறுமையாக வளர்த்த எண்முகப் படிகத்தை மூலமாக வைத்து அச்செடுக்கலாம். மனிதக் கை செதுக்கியதில் வராத ஒரு நேர்த்தி அதில் இருக்கும். தகரக் கிரியாவூக்கி கொண்டு இறுகும் சிலிக்கோனில் பெரும்பாலும் எடையில் 2 முதல் 3 சதவீதம் கலக்கச் சொல்லியிருப்பார்கள், டப்பாவில் உள்ளதைப் பின்பற்றுங்கள். மூலத்தைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. சுவர் இருக்கட்டும். ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூலாக ஊற்றினால் குமிழி குறையும்.

சர்க்யூட்டை நேராக ரெசினுக்குள் (ஊற்றினால் கல்லாக இறுகும் திரவப் பிசின்) புதைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு சாலிடர் விட்டால் கல்லோடு எல்லாம் குப்பை. பேட்டரியைப் புதைப்பது அதைவிட மடமை. 15 மி.மீ. விட்டமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் சோதனைக் குழாயை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கம் மூடியபடி கல்லுக்குள் நிரந்தரமாக விட்டுவிடுங்கள். கல்லின் கூர்முனை கீழே இருக்கும்படி அச்சை நிறுத்தி, குழாயின் வாய் மேலே வருமாறு செருக வேண்டும். காலிக் குழாய் ரெசினில் மிதந்து மேலே வந்துவிடும். உள்ளே மணல் நிரப்பி, அச்சின் குறுக்கே ஐஸ் குச்சி வைத்துக் கிளிப்பால் பிடியுங்கள். இறுகிய பிறகு குழாயை உருவ முயல வேண்டாம், வராது.

அச்சின் கொள்ளளவை நீர் ஊற்றி எடை பார்த்து அறியலாம், 1 கிராம் நீர் 1 மி.லி. பிறகு அச்சைச் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்துங்கள். குழாய் அடைக்கும் 9 மி.லி.யைக் கழித்தால் 51 மி.லி., ரெசின் நீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் 56 கிராம், கப்பில் ஒட்டுவதற்கும் சேர்த்து 62 கிராம் கலந்தால் சரியாக இருக்கும்.

ரெசின் வாங்கும்போது ‘டீப் காஸ்டிங்’ வகையா என்று பாருங்கள். மேசைப் பூச்சுக்கான எபாக்சி ரெசினை இந்த ஆழத்துக்கு ஒரே தடவையில் ஊற்றினால் தன் சூட்டிலேயே வெந்து மஞ்சளாகி விரிசல் விடும். கலவை விகிதம் எடையிலா, கன அளவிலா என்பதையும் படியுங்கள். 2:1 என்று கன அளவில் சொன்னதைத் தராசில் 2:1 போட்டால் கல் ஒருபோதும் முழுதாக இறுகாது, விரல்ரேகை பதிந்துகொண்டே இருக்கும். நைட்ரைல் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மூன்று நான்கு நிமிடம் மெதுவாக, கப்பின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு நிமிடம். பழைய கப்பின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருக்கும் ரெசின் அப்படியே போகட்டும்.

ஏப்ரல், மே வெயிலில் டப்பாவில் போட்ட வேலை நேரத்தை நம்பாதீர்கள். 10 டிகிரி கூடினால் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். அடைமழை நாளில் வேறு தொல்லை: ஈரக் காற்றில் மேற்பரப்பு வெண்படலம் பூத்துப் பிசுபிசுக்கும். சோப்பு நீரில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் அன்றைக்கு ஊற்றாமல் இருப்பதே மேல்.

நிறத்தை ஊசி முனையளவு சேர்த்தால் போதும். கப்பில் அழகாகத் தெரியும் நிறம் 40 மி.மீ. ஆழத்தில் கறுப்பாகத் தெரியும், விளக்கொளியையும் விழுங்கிவிடும். அதேசமயம் முழுத் தெளிவாக இருந்தால் உள்ளே மூன்று புள்ளி விளக்கும் ஒயரும் அப்பட்டமாகத் தெரியும். இதற்கு நல்ல தீர்வு, வானவில் நிறம் அடிக்கும் செலோபேன் தாள். நன்றாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கிக் குழாயைச் சுற்றிப் போட்டு ரெசின் ஊற்றுங்கள். நிஜக் கல்லுக்குள் இருக்கும் இறகு விரிசல் போலவே ஒளியைத் தெறிக்கும். தாளின் மடிப்பில் காற்று சிக்காமல் இருக்க ரெசினை இரண்டு பகுதியாக ஊற்றி, நடுவில் குச்சியால் தாளை மெல்ல அமுக்கிவிடுங்கள்.

இறுகியபின் ஓரங்களை 400, 800, 1500, 2000 என்ற வரிசையில் நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, கார் பாலிஷ் போட்டால் கண்ணாடி பளபளப்பு வரும். ஈரம் வைத்தே தேய்க்க வேண்டும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசமும் அவசியம்.

ஒயரிங்

49இ-இன் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக 5 வோல்ட், கிரவுண்ட், வெளியீடு. வெளியீடு நானோவின் ஏ0-க்குப் போகும். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை சென்சாரின் முதல் இரண்டு கால்களுக்கு இடையே, சில்லை ஒட்டியே சாலிடர் செய்யுங்கள். எல்.இ.டி. பட்டையின் டேட்டா ஒயர் 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக டி6-க்கு. பட்டையில் உள்ள அம்புக்குறி நானோவிலிருந்து வெளியே போகும் திசையைக் காட்ட வேண்டும், திருப்பிப் போட்டால் எதுவும் எரியாது. 470 மைக்ரோஃபாரட் பட்டையின் மின்னிணைப்பின் குறுக்கே, முனை மாறாமல். மூன்று பேட்டரியின் 4.5 வோல்ட் நானோவின் 5 வோல்ட் காலுக்கே நேராகப் போகட்டும்.

பேட்டரி இறங்கினால் அளவீடு மாறாதா? மாறாது. சென்சாரின் வெளியீடும் நானோ ஒப்பிடும் அளவும் அதே வோல்டேஜைச் சார்ந்தவை, இரண்டும் சேர்ந்தே இறங்கும். பவர்பேங்க் மட்டும் வேண்டாம். கல் தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல பவர்பேங்குகள் எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும்.

பட்டையையும் சென்சாரையும் குழாய்க்குள் விடுங்கள். சென்சாரின் தட்டை முகம் கல்லின் முன்முகத்தைப் பார்த்து, குழாய்ச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நானோவும் பேட்டரியும் கல் உட்காரும் பீடத்துக்குள். பீடம் மரமோ தெர்மாகோலோ இருக்கட்டும், இரும்புத் தகடு காந்தப் புலத்தைத் திருப்பிவிடும்.

நிரலின் போக்கு

சுவிட்ச் போட்டதும் 200 முறை படித்துச் சராசரி எடுத்து அதை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். 512 என்று கையால் எழுதிவிடாதீர்கள். பேட்டரியின் எஃகு உறையும் பக்கத்து ஸ்பீக்கரும் அதை நான்கைந்து படி நகர்த்தியிருக்கும். பிறகு ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் 32 அளவீடுகளின் சராசரியிலிருந்து அடிமட்டத்தைக் கழியுங்கள். விடையின் குறி கூட்டல் என்றால் ஒரு நிறம், கழித்தல் என்றால் இன்னொன்று. கோலின் இரு முனையிலும் காந்தத்தை எதிரெதிர் முகம் வெளியே பார்க்க வைத்தால் வேலை முடிந்தது.

வித்தியாசம் 6-ஐத் தாண்டினால் விழிக்கட்டும், 4-க்குக் கீழே வந்தால்தான் தூங்கட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் எல்லையில் கை நிற்கும்போது டியூப்லைட் மாதிரி துடிக்கும். 6 முதல் 90 வரையான வித்தியாசத்தை 20 முதல் 255 வரையான பிரகாசமாக மாற்றுங்கள். அந்த எண்ணுக்கு உடனே தாவாமல், ஏறும்போது ஒவ்வொரு சுற்றிலும் மீதித் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இறங்கும்போது நாற்பதில் ஒரு பங்கு நகரச் சொல்லுங்கள். கோல் போன பிறகும் இரண்டு நொடிக்கு மேல் சாம்பலுக்குள் நெருப்புபோல் கனன்று அடங்கும். பார்க்கிறவர் கல்லுக்கு உயிர் இருக்கிறது என்று நம்புவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான்.

பிழை எங்கே

கோலைக் கொண்டுவந்தால் அணைகிறது, எடுத்தால் எரிகிறது: சுவிட்ச் போட்ட நேரத்தில் கோல் பக்கத்தில் இருந்திருக்கிறது, அடிமட்டம் தவறு. கோலைத் தள்ளி வைத்து மறுபடி போடுங்கள்.

முன்னால் வந்தால் ஒளிர்கிறது, பக்கவாட்டில் வந்தால் இல்லை: ஹால் சென்சார் தன் முகத்துக்குச் செங்குத்தாக வரும் புலத்தை மட்டுமே உணரும். இன்னொரு 49இ-யை 90 டிகிரி திருப்பி ஏ1-இல் இணைத்து, இரண்டில் பெரிய வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் இரு நிற விளையாட்டை விட்டுவிட வேண்டும். அதே காந்த முகம் இடப்பக்கமிருந்து வரும்போதும் வலப்பக்கமிருந்து வரும்போதும் குறி மாறும், நல்ல மந்திரம் நடுக்காட்சியில் தீய மந்திரமாகிவிடும். நிறம் வேண்டுமா, எல்லாத் திசையும் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

காரணமே இல்லாமல் ஒளிர்கிறது: நடிகரின் சட்டைப்பையில் செல்போன் இருக்கும், அதன் ஸ்பீக்கரில் காந்தம் உண்டு. காந்தக் கொக்கி வைத்த கைப்பையும் வளையலும் இதே வேலையைச் செய்யும். ஒத்திகையில் உடைகளோடு ஒருமுறை கல்லைச் சுற்றி நடக்கவிட்டுப் பாருங்கள்.

நியோடிமியம் காந்தங்கள் இரண்டு ஒன்றையொன்று பாய்ந்து ஒட்டும்போது நடுவில் விரல் சிக்கினால் தோல் கிழியும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கோலைத் தொடவே கூடாது. சிறு குழந்தைகள் காந்தத்தை விழுங்கினால் குடல் ஓட்டையாகும் அளவுக்கு ஆபத்து, உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஆகையால் காந்தத்தைக் கோலுக்குள் எபாக்சி ஊற்றி அடைத்துவிடுங்கள், வெறும் ஃபெவிகாலில் ஒட்டி விடாதீர்கள்.